அறுபது ஆட்டை விற்ற கணக்கு

காவேரிப்பட்டணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாதையா,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்காலைப் பற்றி நீயே இரண்டு பக்கம் எழுதிவிட்டதால் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். டெய்லர் வீட்டுக் கல்யாணத்தில் உன் பேரிலும் மொய் எழுதியாச்சு. பந்தியில் அவன் செய்த கூத்தை நேரில் சொல்கிறேன், எழுத்தில் வேண்டாம்.

பாலக்கோட்டு வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ‘ரசவாதி’ நாவலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், உனக்கு அது முழுசாகப் பிடிக்கவும் இல்லை, வேண்டாமென்று சொல்ல மனசும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அது பரவாயில்லை. பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று கிறுக்கியிருந்தாயே, மாரண்டஅள்ளிப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு அப்பன் பட்டியில் இருக்கிற நாற்பது ஆட்டையும் விற்றுவிட்டுப் பெங்களூர் போகிறேன் என்கிறான் என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். தலைப்போகிற சேதியை ஓரத்தில் எழுதுகிற புத்தி உனக்கு இந்த வயதிலும் போகவில்லை.

முதலில் புத்தகத்துக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். பாலோ கொயலோ அதை 1988ல் பிரேசிலில் போர்த்துக்கீசிய மொழியில் வெளியிட்டார். முதல் பதிப்பு 900 பிரதிகள்தான். அதுவே போகாமல் பதிப்பாளர் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1993ல் ஆங்கிலத்தில் வந்த பிறகு பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. இரண்டே வாரத்தில் எழுதி முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நம்பலாம். கதையின் எலும்பு பல நூறு வருஷமாக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தது. ஆயிரத்தொரு இரவுகளில் இருக்கிறது, பாரசீகக் கவி ரூமியின் மஸ்னவியில் ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது, அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1935ல் இரண்டு பக்கத்தில் திருப்பிச் சொல்லியிருக்கிறார். பாக்தாத்காரன் ஒருவன் சொத்தெல்லாம் இழந்து நிற்கிறான். கெய்ரோவுக்குப் போ என்று கனவு சொல்கிறது. போனவன் பள்ளிவாசலில் படுக்கிறான். பக்கத்து வீட்டில் திருட்டு நடக்க, காவலர்கள் இவனைப் பிடித்துப் பின்னி எடுக்கிறார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்ட அதிகாரி கனவைக் கேட்டுச் சிரிக்கிறார்: “பைத்தியக்காரா, எனக்கும்தான் மூன்று தடவை கனவு வந்தது, பாக்தாத்தில் இன்ன வீட்டில் தோட்டத்து நீரூற்றுக்கு அடியில் புதையல் என்று. நான் என்ன கிளம்பிப் போனேனா?” அவர் சொன்ன அடையாளம் இவன் வீடு. ஊர் திரும்பித் தோண்டுகிறான், கிடைக்கிறது. அவ்வளவுதான்.

அந்தக் கதையில் அழகு எது தெரியுமா? கனவை நம்பாதவன் வாயில்தான் புதையலின் விலாசம் இருக்கிறது. நம்பினவனிடம் பாதி, நம்பாதவனிடம் பாதி. யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. கொயலோ இந்த முடிச்சை அப்படியே வைத்திருக்கிறார்: ஸ்பெயினில் ஆடு மேய்க்கிற பையன், எகிப்துப் பிரமிடடியில் புதையல் என்று கனவு கண்டு, மந்தையை விற்றுவிட்டுக் கிளம்புகிறான்; கடைசியில் பிரமிடுகளின் அடியில் பையனை அடித்துப் பிடுங்குகிறவர்களில் ஒருவன்தான், ஸ்பெயினில் இடிந்த தேவாலயத்தில் அத்திமர வேரடியில் புதையல் இருப்பதாகக் கனவு வந்ததைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறான். அந்த இடத்தில் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது, ஒளிப்பானேன். ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்கு வருவதற்குள் கிழவர், வியாபாரி, ஒட்டகக்காரன், ரசவாதி, காற்று, சூரியன் என்று ஆளாளுக்கு வரிசையில் நின்று பாடம் நடத்துகிறார்கள். கதை தானாகச் சொல்வதை ஆள் வைத்துச் சொல்லச் சொன்னால் கதைக்கு வேலை இல்லாமல் போகும்.

சரி, படிக்கவைக்கும் வித்தை? அதில் குறை சொல்ல முடியாது. இரண்டே பாகம், முன்னால் ஒரு முகவுரை, பின்னால் ஒரு முடிவுரை. அத்தியாய எண் கிடையாது. ஒரு பக்கம், இரண்டு பக்கத்தில் ஒரு துண்டு முடியும், முடிகிற இடத்தில் கால் அடுத்த துண்டுக்கு நீண்டிருக்கும். சாந்தியாகோ என்ற பெயர் தொடக்கத்தோடு சரி, அப்புறம் ‘பையன்’தான். பெயர் இல்லாத இடத்தில் படிக்கிறவன் தன்னை உட்காரவைத்துக்கொள்வான். குரூப் 4 வினாத்தாளைத் தவிர நூலகத்தில் எதையும் தொடாத பிள்ளை இதை இரண்டு நாளில் முடிக்கிறான் என்றால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அதனால் வேண்டாமென்று சொல்லாதே.

இனி ஆட்டுக்கு வருகிறேன். இதில் என் தொழில் புத்தி பேசும், பொறுத்துக்கொள்.

பையனிடம் அறுபது ஆடு. சேலேமின் அரசன் என்று சொல்லிக்கொள்ளும் கிழவர் மெல்கிசதேக்கு, யோசனை சொல்ல மந்தையில் பத்தில் ஒரு பங்கு கேட்கிறார். ஆறு ஆடு. போச்சம்பள்ளிச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடிக்கிற தரகன்கூட இப்படி வாய் கூசாமல் கேட்கமாட்டான். மறுநாள் மத்தியானம் பையன் ஆறு ஆட்டோடு வந்து நிற்கிறான். மீதி ஐம்பத்து நாலும்? நண்பன் ஒருவன் உடனே வாங்கிக்கொண்டானாம், அவனுக்கும் மேய்ப்பன் ஆகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம், ஆகவே நல்ல சகுனமாம். ஆட்டுக் கணக்கு அதோடு தீர்ந்தது. என்ன விலை, எத்தனை பெட்டை, எத்தனை சினை, கையில் குட்டி எத்தனை, ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷம் அந்த மந்தையோடு படுத்து எழுந்தவன் அவன். நம் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்ட மண் இது. இங்கே பிறந்தவனுக்கு அந்த ஒரு வரி விற்பனை நெஞ்சில் இடிக்காமல் போகுமா?

அதைவிடக் கோபம் வருகிற இடம் வேறு. ஆடுகளுக்குத் தீனியும் தண்ணீரும் தவிர ஒன்றும் தெரியாது, நான் இவற்றை ஒவ்வொன்றாகக் கொன்றாலும் மந்தையில் பெரும்பாலானவை போன பிறகுதான் உணரும் என்று பையன் நினைக்கிறான். மேய்ப்பன் நினைக்கிற நினைப்பா இது? ஈன்ற சில மணி நேரத்தில் தாய் தன் குட்டியை வாசனையால் பிரித்துவிடும், அடுத்ததன் குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து அநாதைக் குட்டிக்குப் போர்த்தித் தாயிடம் ஊட்டவிடுகிற உபாயம் எல்லா நாட்டு மேய்ப்பருக்கும் தெரிந்தது, அதற்குக் காரணமே இந்த மோப்பம்தான். இங்கிலாந்தில் பாப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் கீத் கெண்ட்ரிக் குழு செய்த ஆராய்ச்சி 2001ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது: செம்மறிகள் மற்ற செம்மறிகளின் ஐம்பது முகங்களை இரண்டு வருஷத்துக்கு மேல் நினைவில் வைத்திருக்கின்றன. ‘அறியாத மந்தை’ என்பது ஊரில் நிற்கிற மனிதர்களைக் குத்துவதற்கு எழுத்தாளருக்குத் தேவைப்பட்ட பொய். பயணம் போகிறவன் விழித்தவன், தங்குகிறவன் ஆடு. அந்த ரொட்டிக்கடைக்காரனைப் பார், சின்ன வயதில் ஊர் சுற்ற ஆசைப்பட்டானாம், முதலில் கடை போட்டானாம், ஆகவே பாவமாம். அவன் ரொட்டி சுடவில்லை என்றால் இந்தப் பையன் எதைத் தின்று கனவு கண்டிருப்பான்?

நியாயமாகச் சொன்னால், கவனமாக எழுதிய ஆட்டு விவரமும் உண்டு. கம்பளி வாங்குகிற வியாபாரி தன் கண் முன்னால்தான் மயிர் கத்தரிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான், ஏமாந்துவிடக் கூடாதே என்று. அது சந்தை தெரிந்தவர் எழுதிய வரி. நம் மேச்சேரி ஆட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, மயிர் கத்தரிக்கிற இனமே அல்ல, கறிக்கும் தோலுக்கும்தான் பேர்போனது. ஸ்பெயினில் கம்பளிதான் ராஜாங்கம். 1273ல் பத்தாம் அல்போன்சோ மேய்ப்பர் சங்கத்துக்கு, ‘மெஸ்தா’ என்று பெயர், உரிமைச் சாசனம் கொடுத்தான். 1836 வரை அது இருந்தது. கோடையில் வடக்கு மலைக்கும் குளிரில் தெற்குச் சமவெளிக்கும் மந்தை போக அரசு வழிகள் உண்டு, பெரிய வழியின் அகலம் 90 வாரா, நம் கணக்கில் 75 மீட்டர். குறுக்கே யாரும் உழக்கூடாது. அப்படி ஒரு நாட்டில் மேய்ப்பன் மனம்போன போக்கில் தனியே திரிகிறான் என்பது கவிதையாக இருக்கலாம். வழியும் சட்டமும் சங்கமும் இருந்ததால்தான் அவனால் திரிய முடிந்தது. மேய்ச்சல் புறம்போக்கு ஒவ்வொன்றாகக் காணாமல் போகிற நம் ஊரில் இருந்து படித்தால் அந்த 75 மீட்டர்தான் எனக்குக் கனவாகத் தெரிகிறது.

இப்போது பிடித்த இடம். ஆப்பிரிக்கக் கரையில் இருக்கிற தாஞ்சியர் துறைமுகத்தில் கால் வைத்த அன்றே பையனின் பணம் முழுக்கத் திருடு போகிறது. பளிங்குச் சாமான் கடையில் ஏறி, சாப்பாட்டுக்காகத் தூசி படிந்த கண்ணாடிப் பாத்திரங்களைத் துடைத்துத் தருகிறேன் என்கிறான். துடைக்கும்போதே இரண்டு வாடிக்கையாளர் வருகிறார்கள். அப்புறம் விற்பனையில் பங்கு வைத்துச் சம்பளம். தெருவில் போகிறவன் கண்ணில் படும்படி வெளியே கண்ணாடிப் பேழை வைக்கலாம் என்கிறான். யாராவது இடித்து உடைத்துவிடுவார்கள் என்று முதலாளி பயப்படுகிறார், வைத்ததும் வியாபாரம் கூடுகிறது. மேடேறி வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும், பளிங்குக் கோப்பையில் தேநீர் கொடுப்போம் என்கிறான். தேநீரும் விற்கிறது, கோப்பையும் விற்கிறது. ஆப்பிரிக்காவில் இறங்கிப் பதினோரு மாதம் ஒன்பது நாளில் 120 ஆடு வாங்கும் பணம் கையில். கூடவே திரும்பும் பயணச் செலவும் இறக்குமதி உரிமத்துக்கான காசும்.

மாதையா, அந்த நாவலில் பிரபஞ்சம் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத பகுதி இதுதான், அறுபது நூற்றிருபதானதும் இங்கேதான். துடைப்பு, பேழை, தேநீர். ஒவ்வொன்றிலும் என்ன நஷ்டம் வரும் என்று முதலாளி முன்கூட்டியே சொல்கிறார், பையன் கேட்டுக்கொண்டே செய்கிறான். புத்தகத்தில் எனக்கு உயிரோடு தெரிகிற ஒரே மனிதரும் அந்த முதலாளிதான். மெக்காவுக்குப் போக ஆசை, போய்விட்டால் அப்புறம் எதற்காக வாழ்வது என்று பயம், அதனால் போகவில்லை. முட்டாளும் இல்லை, கோழையும் இல்லை. ஆசிரியர் அவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்க்கப் பார்க்கிறார், அவர் சேரமாட்டேன் என்கிறார்.

மனதார வேண்டினால் உலகமே கூடி உனக்கு உதவும் என்று நாவலில் கிழவர் சொல்கிற பேச்சைப் போச்சம்பள்ளி, பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவனிடம் சொல்லிப் பார். பெங்களூரா ரக மாங்காய் ஒரே சமயத்தில் திரளும், மரத்திலும் நிற்காது, பறித்தும் வைக்க முடியாது. கூழ் ஆலைகள் என்றைக்கு எடுக்க ஆரம்பிக்கின்றன, என்ன விலை வைக்கின்றன, இதுதான் அவன் தலையெழுத்து. அவன் வேண்டாத வேண்டுதலா? விளைச்சல் கூடின வருஷம்தான் விலை விழுகிறது. இந்தத் தத்துவத்தின் கெடுதல் ஜெயித்தவனிடம் தெரியாது. தோற்றவனிடம் போய், நீ சரியாக ஆசைப்படவில்லை என்று சொல்லும். மரகதம் தேடினவன் கதை அதில் வருகிறதே, ஐந்து வருஷம் லட்சக்கணக்கில் கல்லை உடைத்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு கல்லில் கைவிடப்போகிறவன்? அவனுக்குக் கிழவரே கல்லாக மாறி உதவுகிறார். உதவி வராமல் எழுந்து போனவர்களின் கதையை யாரும் புத்தகமாகப் போடுவதில்லை. உள்ளவனும் ரசவாதத்துக்கு அலைவான் என்று நம் தாயுமானவர் ஆசையை வைதுவிட்டுப் போனார். கொயலோ அதே ஆசைக்குத் தோளில் கை போடுகிறார். கைபோடுகிறவரைத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அது இயற்கை.

ஒன்று மட்டும் தயவுசெய்து சிரிக்காமல் படி. பாலைவனச் சோலையில் பாத்திமா என்ற பெண். பையன் பார்க்கிறான், காதல். அவன் விதியைத் தேடிப் போகவேண்டும், அவள் காத்திருக்க வேண்டும். பாலைவனத்துப் பெண்கள் அப்படித்தான் என்று அவளே பெருமையாகச் சொல்கிறாள். அவளுக்கு ஒரு கனவு உண்டா என்று புத்தகம் கேட்பதே இல்லை. உன் வட்டத்தில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் ஆரம்பித்து 2001ல் தருமபுரிக்கும் வரவேண்டியிருந்த மாவட்டம் நம்முடையது. பிளஸ் டூ முடிப்பதற்குள் வீட்டில் ஜாதகத்தைத் தூசி தட்டுகிற ஊரில், ஆணுக்குப் பயணம், பெண்ணுக்குக் காத்திருப்பு என்பதைத் தத்துவம் என்று சொல்லி அவர்கள் கையில் வெறுமனே கொடுத்துவிடாதே. அந்தப் பக்கங்களைப் பெண் பிள்ளைகளையே வாசிக்கச் சொல். நீ குறுக்கே பேசாதே. அது உனக்குக் கஷ்டம் என்று தெரியும்.

எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். நாலு ஞாயிறு போதும். ‘உங்கள் கனவு என்ன’ என்ற கேள்வியில் ஆரம்பித்தால் காரியம் கெட்டது. முதல் பிள்ளை கலெக்டர் என்று சொல்லும், மற்ற பதினைந்தும் அதையே சொல்லும், அப்புறம் புத்தகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். கரும்பலகையில் மூன்று பத்தி போடு: பையன் கையில் இருப்பது, வந்தது, போனது. முதல் நாள் கப்பல் ஏறும் வரை. இரண்டாம் நாள் பளிங்குக்கடை முழுவதும், சத்தமாக வாசிக்கவை. மூன்றாம் நாள் சோலையும் பாத்திமாவும். இருநூறு ஆளும் நானூறு மிருகமும் போகிற வணிகக் கூட்டத்தை வேகமாகக் கடந்துவிடு, பையன் காற்றாக மாறுகிற இடத்தை வீட்டில் படிக்கட்டும், அங்கேதான் கொட்டாவி வரும். கடைசி நாள் பிரமிடைப் படிப்பதற்கு முன்னால் பாக்தாத்காரன் கதையை நீ வாயாலேயே சொல், பத்து நிமிஷம். எது சுருக்கு, எது ஜவ்வு என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு தத்துவ விளக்கம் கொடுக்க நம் வாத்தியாரைக் கூப்பிட்டாயோ, நான் வரமாட்டேன்.

கரும்பலகைக் கணக்கைக் கடைசி வரை கொண்டுபோனால் ஒன்று தெரியும். பையன் மூன்று தடவை கைப்பொருளை இழக்கிறான்: தாஞ்சியரில் திருடனிடம், பாலைவனத்தில் படைத்தலைவனிடம், பிரமிடில் அடித்துப் பிடுங்குகிறவர்களிடம். பிறகு எப்படி ஸ்பெயினுக்குத் திரும்பினான்? ரசவாதி ஈயத்தைப் பொன்னாக்கி நாலு பங்கு போட்டபோது ஒரு பங்கை மடத்துத் துறவியிடம் பையனுக்காகக் கொடுத்து வைத்திருந்தார். கந்தலாகத் திரும்பினவனுக்கு அதுதான் வழிச்செலவு. உலகமே உதவும் என்று சொல்கிற ஆசாமி, கால் பங்கை உலகத்தை நம்பி விடவில்லை, பத்திரமான கையில் ஒப்படைத்தார். இதை அந்த மாரண்டஅள்ளிப் பையன் தானே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

அவன் போகட்டும், தடுக்காதே. பட்டியை மட்டும் மொத்தமாக வாரிக் கொடுக்கவேண்டாம். நாற்பதில் முதலில் பல் பார்க்கச் சொல். முன்பல் விழுந்தவை, மடி கல்லாகிப் போனவை, இரண்டு பருவம் சினை நிற்காதவை, இவற்றைத் தள்ளலாம். கிடாக்களைப் பக்ரீத்துக்கு முந்தின வாரங்களில் விற்றால் விலை நிற்கும், பங்குனி சித்திரையில் மேய்ச்சல் காய்ந்தபின் விற்றால் வியாபாரி சொன்னதுதான். எடை போடாமல் கண்மதிப்பில் கொடுக்கக் கூடாது. நன்கு வளர்ந்த மேச்சேரிக் கிடா முப்பத்தைந்து கிலோ வரும், பெட்டை இருபத்திரண்டு. சினையாட்டை விற்கவே கூடாது. ஐந்து மாதச் சினையை வயிற்றில் வைத்துக்கொண்டு கறி விலைக்குப் போகும், குட்டிக்கு எவனும் காசு தரமாட்டான். இரண்டு பல், நாலு பல் முளைத்த இளம் பெட்டையில் நல்லதாகப் பத்து, வெளிப்பட்டியில் இருந்து மாற்றி வாங்கின ஒரு கிடா, இவ்வளவு அப்பனிடம் இருக்கட்டும். பெங்களூரில் வாடகை முன்பணத்துக்கும் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் மற்றது போதுமா என்று அவனே கூட்டிப் பார்க்கட்டும். போதவில்லை என்றால் அடுத்த பக்ரீத் வரை பொறுக்கட்டும், பளிங்குக்கடையில் பதினோரு மாதம் ஆகவில்லையா.

அடுத்த மாதம் நான் பாலக்கோடு வருகிறேன், இரண்டாம் ஞாயிறு என்றால் பளிங்குக்கடையன்றைக்குச் சரியாக வரும். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற அந்தக் கடை போண்டாவுக்கு நீதான் காசு கொடுக்கிறாய், பழைய பாக்கி இருக்கிறது.

உன்
முனிராஜ்

பி.கு.: தங்கச்சி வீட்டு ஆடுகளுக்கு மழைக்கு முன்னால் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசி போட்டாயிற்றா? புதுப்புல்லை வயிறு முட்ட மேய்ந்த பிறகு போடலாம் என்று இருந்தால் நல்ல கொழுத்த குட்டிதான் முதலில் போகும். குடற்புழு மருந்தை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் கொடுக்கச் சொல், ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்தாக இருக்கவேண்டாம்.